சுரண்டுவதற்கு முன்: ஊவாத் தோட்டக் கோயில்களின் பெயின்ற் அடுக்குகள்

பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஊவாவின் எந்தப் பக்கம் போனாலும் கோயில் இல்லாத தேயிலைத் தோட்டம் அரிது. பெரிய தோட்டங்களில் டிவிசனுக்கு ஒரு மாரியம்மனோ முருகனோ பிள்ளையாரோ இருப்பார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது வழக்கு. தோட்டத்தில் அந்தக் கணக்கு காசு சேர்வதைப் பொறுத்து முன்னே பின்னே போகும். மாதச் சம்பளத்தில் கோயிலுக்கென்று பிடிக்கும் பணம், கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்புவது, டவுன் கடைக்காரர்கள் கொடுப்பது எல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகுதான் திருப்பணி தொடங்கும். பாலஸ்தாபனம் முடிந்ததும் முதலில் நடப்பது பழைய பூச்சைச் சுரண்டுவது. கம்பித் தூரிகையும் தகட்டுக் கத்தியுமாக ஆட்கள் ஏறுவார்கள். விமானத்துச் சுதைச் சிற்பங்களிலும் சுவர்களிலும் வாகனங்களிலும் இருந்து உதிர்வதெல்லாம் சாக்கில் சேர்ந்து கோயிலுக்குப் பின்னால் கொட்டப்படும். அதன்மேல் புதுப் பெயின்ற் ஏறும்.

அந்தச் சாக்கில் போவது என்ன என்று இதுவரை எவரும் முறையாகக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மலையகத் தமிழருக்கு ஓவியக்கூடம் என்று வேறு இடம் கிடையாது. 43 குழு என்ற நவீன ஓவியர் அமைப்பின் ஓவியங்களைக் காக்கக் கொழும்பில் சபுமல் மன்றம் இருக்கிறது. நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் 2019 டிசம்பரில் திறக்கப்பட்டது. பொரளை கோதமி விகாரையில் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40இல் வரைந்த சுவரோவியங்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தோட்டத்துக் கோயிலில் முருகனின் மயிலுக்கு நீலம் தீட்டிய கைக்கு ஏடு இல்லை. அவர் எந்த டின்னைத் திறந்தார், எதில் கரைத்தார், எத்தனை கை பூசினார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பூச்சுதான். அதை வாசிக்கத் தெரிந்த துறை உலகில் இருக்கிறது. நவீன ஓவியங்களின் பெயின்றையும் வார்னிஷையும் இரசாயன முறையில் பகுத்துப் பார்த்து, எப்படித் துப்புரவு செய்வது, எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யும் பாதுகாப்பு விஞ்ஞானம் அது.

அந்தத் துறை வளர்ந்ததற்கே காரணம் ஓவியர்கள் ஹார்ட்வெயார் கடைக்குப் போனதுதான். பிக்காசோ 1912 முதலே ரிப்போலின் என்ற பிரெஞ்சு வீட்டு எனாமலைப் பயன்படுத்தினார். மெக்சிக்கோவின் சிக்கெய்ரோஸ் 1930களில் மோட்டார் வாகனங்களுக்கு அடிக்கும் நைத்திரோசெலுலோஸ் பெயின்றை எடுத்தார். ஜாக்சன் பொலாக் தரையில் விரித்த துணியில் ஊற்றியதும் பெரும்பாலும் வீட்டு எனாமல்தான். லின்சீட் எண்ணெயில் அரைத்த பழைய ஓவியங்களைப் பற்றி நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த அறிவு இவற்றின் முன் போதவில்லை. லண்டன் டேற் கலைக்கூடத்தில் பணியாற்றிய ரொம் லேர்னர், நவீனப் பெயின்றுகளைப் பகுப்பாய்வதைப் பற்றிய நூலை 2004இல் வெளியிட்டார். 2006இல் டேற் மொடர்னில் இதற்கென்றே ஒரு சர்வதேச மாநாடு கூடியது. வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் தொங்கும் எனாமலுக்கும் தோட்டத்து விமானத்தில் வெயில் காயும் எனாமலுக்கும் அடிப்படை இரசாயனம் ஒன்றே. அங்கே கண்டுபிடித்த முறையை இங்கே கொண்டுவருவதற்கு விஞ்ஞானத்தில் தடை எதுவும் இல்லை.

தோட்டக் கோயில் ஒன்றின் சுவரில் அடியிலிருந்து மேலாக என்னென்ன இருக்கலாம் என்று பார்ப்போம். கல்லும் சூலமும் மரத்தடியில் இருந்து, தகரக் கொட்டகையாகி, பிறகு கட்டடமான கோயில்கள் இவை. கட்டடமானபின் முதல் பூச்சு அநேகமாகச் சுண்ணாம்பு. வெள்ளையும் காவியும் மாறி மாறி வரும் பட்டைகளுக்குச் சுண்ணாம்பும் காவிக்கல்லும் போதும். காவி என்பது இரும்பு ஒக்சைட்டு. சுண்ணாம்பின் காரமோ வெயிலோ மழையோ அதை அசைக்காது. வெள்ளைக்கு வெளுப்புக் கூட்டவும் சுவருக்கு வான்நிறம் கொடுக்கவும் சலவை நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்தார்கள். அந்த நீலம் செயற்கை அல்ட்ராமரின். பிரான்சில் 1828இல் செய்முறை கண்டுபிடிக்கப்பட்டு, சலவைத் தேவைக்கென்று மலிவாகி, தோட்டத்துக் கடை வரை வந்த பொருள். அதற்கும் சுண்ணாம்பு ஒத்துப்போகும். அமிலம் பட்டால்தான் நிறம் போகும். அதனால் எலுமிச்சைச் சாறு, புளி கொண்டு அப்படிப்பட்ட சுவரைத் தேய்ப்பது அதை அழிப்பதற்குச் சமம்.

இந்த அடுக்கு வரை ஆபத்தில்லை. சிக்கல் எனாமலோடு தொடங்குகிறது. எனாமல் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அல்கைட் பிசின். தாவர எண்ணெயைத் தாலிக் அமிலத்தோடும் கிளிசரோல் போன்ற அற்ககோல்களோடும் வேகவைத்துச் செய்வது. 1920களின் இறுதியில் தொழிற்சாலைக்கு வந்தது. பளபளப்பாகக் காயும், மழை தாங்கும், ஒரு டின்னில் அதிக பரப்பு பூசலாம். சுவாமியின் முகத்தில் ஈரம் சொட்டுவதுபோன்ற மினுக்கம் வேண்டும் என்று விரும்பும் கண்ணுக்கு இதைவிடப் பிடித்த பொருள் இருந்திருக்காது. ஆனால் அல்கைட்டின் உடம்பு முழுதும் எஸ்ரர் பிணைப்புகள். காரம் பட்டால் அவை உடைந்து சவர்க்காரம் ஆகும். புதிதாக வார்த்த சீமெந்தின் காரம் மிகக் கடுமையானது, pH 12ஐத் தாண்டும். சீமெந்து இறுகி உலர்ந்து, காற்றின் காபனீரொக்சைட்டை வாங்கித் தணிய வாரங்கள் பல வேண்டும்.

இங்கேதான் தோட்டத்து நடைமுறையை இரசாயனம் சந்திக்கிறது. கும்பாபிஷேக நாளைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கும். ஆசாரிமார் சிற்பத்தின் கை விரலையும் கிரீடத்தையும் சீமெந்தால் திருத்தி முடிக்கும்போது முகூர்த்தத்துக்குச் சில நாட்களே மிஞ்சியிருக்கும். பச்சைச் சீமெந்தின் மேல் எனாமல் ஏறும். அடுத்த மழைக்கு முன்பே அந்தத் திருத்திய இடம் மட்டும் பிசுபிசுத்து, கொப்பளித்து, தோலாக உரியும். பெயின்ற் மோசம் என்று கடைக்காரரையும் வேலை மோசம் என்று ஆசாரியையும் திட்டுவார்கள். உண்மையில் அது எண்ணெயும் காரமும் சேர்ந்தால் எப்போதும் நடக்கும் காரியம். உரிந்த துண்டின் அடிப்புறத்தை அகச்சிவப்பு நிறமாலையில் வைத்தால், எஸ்ரர் குறைந்து காபொட்சிலேற்று உப்பு, அதாவது சவர்க்காரம், தெரியும். காரணம் தெரிந்தால் தீர்வு எளிது: சீமெந்து வேலையை முதலில் முடித்து ஆறவிடுவது, அல்லது காரம் தாங்கும் அடிப்பூச்சைப் போடுவது.

ஊவாவில் இதோடு இன்னும் ஒன்று சேர்கிறது. இம்மலைகளின் பளிங்குப் பாறையில் பெரும்பகுதி தொலமைற்று, அதாவது கல்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. தேயிலை மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தோட்டத்தில் தூவுவதும் அதே தொலமைற்றுத் தூள்தான். அந்தக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பில் மக்னீசியம் இருக்கும். பழைய மக்னீசியச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் சீமெந்து பூசினால், சீமெந்திலுள்ள சல்பேற்று மக்னீசியத்தோடு சேர்ந்து மக்னீசியம் சல்பேற்று ஆகலாம். நாம் பேதியுப்பு என்று அறிந்த உப்பு அது. காற்றின் ஈரம் ஏறும்போது அது நீரை ஏற்றுப் பருக்கும், காயும்போது நீரை விட்டுச் சுருங்கும். பூச்சுக்கு அடியில் இது நடந்தால் பூச்சு தூக்கி எறியப்படும்.

ஊவாவின் காற்று இந்த உப்புக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலை கடந்து இறங்கும் கச்சான் காற்று, ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்தை உலர்த்துகிறது. ஒக்ரோபர் தொடங்கிப் பருவம் மாறி, வடகீழ்ப் பருவமழை தை வரை நனைக்கிறது. ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கும் 1,400 மீற்றருக்கு மேலிருக்கும் ஹப்புத்தளைக்கும் இடையே வெப்பமும் மூடுபனியும் வேறு. ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் ஈரப்பதம் பத்து வீதம் அசைந்தாலே கவலைப்படுவார்கள். தோட்டத்து விமானம் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு எல்லைகளையும் தொட்டுத் திரும்புகிறது. இங்கே நின்று பிடிக்கும் பூச்சு எது, உரியும் பூச்சு எது என்ற பட்டியல் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை இந்தச் சுவர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதே கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற வாசனையையும் கொடுக்கிறது. காய்ந்த மாதங்களின் கொழுந்தில் எழும் அந்தக் குளிர்ச்சியான மணத்துக்கு முக்கிய காரணம் மெதைல் சலிசிலேற்று என்ற சேர்மம். அதைத் தேயிலையில் அடையாளம் காணும் கருவி, வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் இணைந்த கருவி. பெயின்றின் பிணைபொருளை அடையாளம் காணவும் உலகெங்கும் பயன்படுவது அதே கருவிதான். முன்னால் ஒரு சிறு உலை மட்டும் கூடுதலாக வேண்டும். கடுகளவுக்கும் குறைந்த துணுக்கைக் காற்றில்லாமல் சுமார் 600 பாகை வரை சூடாக்கினால் பிசின் உடையும். உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றாக வெளிவரும். தாலிக் அன்ஹைட்ரைட்டு வந்தால் அல்கைட். மெதைல் மெதாக்ரிலேற்றும் பியூற்றைல் அக்ரிலேற்றும் வந்தால் அக்ரிலிக் இமல்ஷன். ஸ்டைரீன் வந்தால் வெளிச்சுவர்களுக்கு அடிக்கும் மலிவான ஸ்டைரீன்-அக்ரிலிக் வகை. அசற்றிக் அமிலம் வந்தால் பொலிவைனைல் அசற்றேற்று. எண்ணெய் ஓவியமானால் எண்ணெய் காய்ந்ததன் அடையாளமாக அசலேயிக் அமிலம் கிடைக்கும். தேயிலை வாசனைக்காக இந்த மாகாணத்தின் கொழுந்தைப் பகுத்த விஞ்ஞானத்தை, அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் கோயிலுக்கும் திருப்ப முடியும் என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

பிணைபொருள் அப்படியென்றால், நிறப்பொடிக்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி. கையில் ஏந்திச் சுவரில் வைக்கலாம், துணுக்குகூட எடுக்கத் தேவையில்லை. இரும்பு, ஈயம், குரோமியம், டைட்டானியம், துத்தநாகம், இரசம் என்று தனிமங்களைச் சொல்லும். ஆனால் அது மேலடுக்கையும் கீழடுக்கையும் கலந்து படிக்கும். அதனால் அடுக்கை அடுக்காகப் பார்க்கத் துணுக்கு தேவைப்படுகிறது. துணுக்கைத் தெளிந்த பிசினில் பதித்து, குறுக்குவெட்டை மினுக்கி, நுண்நோக்கியிலும் புறஊதா ஒளியிலும் பார்த்தால் ஒவ்வொரு கும்பாபிஷேகமும் ஒரு கோடாகத் தெரியும். இரண்டு கோடுகளுக்கு நடுவே கறுப்பாக மெல்லிய படலம் இருந்தால் அது கற்பூரப் புகையும் விளக்கெண்ணெயும் படிந்த ஆண்டுகள்.

அந்தக் கோடுகளுக்கு ஆண்டும் குறிக்கலாம், ஓரளவுக்கு. டைட்டானியம் வெள்ளை முதலாம் உலகப் போர்க் காலத்தில்தான் வணிகத்துக்கு வந்தது. அதன் ரூட்டைல் படிக வடிவம் 1940களில் பரவியது. அதற்கு முந்தைய அனற்றேஸ் வடிவமாக இருந்தால் வெயிலில் பிசினைத் தின்று மாவாக உதிரும், கையில் வெள்ளை ஒட்டும். மயிலின் நீலத்தில் தாலோசயனின் இருந்தால் அது 1935க்குப் பிந்தியது என்பது உறுதி, ஏனென்றால் அந்த நிறமி விற்பனைக்கு வந்த ஆண்டு அது. அதற்கு முந்தைய நீலம் அல்ட்ராமரினோ பிரஷ்யன் நீலமோ ஆகலாம். பிரஷ்யன் நீலம் காரத்துக்கு நிற்காது. ஈயக் குரோமேற்று மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்த பழைய பச்சை எனாமலைச் சீமெந்துக் கிளிக்குப் பூசியிருந்தால், காரம் ஏறிய இடத்தில் நீலம் அழிந்து மண்ணிறம் தட்டியிருக்கும். இன்று பழுப்பாகத் தெரிவதைப் பார்த்து, ஆசாரி கிளிக்குப் பழுப்பு பூசினார் என்று முடிவு கட்டி மறுபடியும் பழுப்பைப் பூசினால், நாம் காப்பாற்றுவது அழிவைத்தான். பகுப்பாய்வு இல்லாமல் அசல் நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

இமல்ஷனின் கதை வேறு. நீரில் மிதக்கும் அக்ரிலிக் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும் பெயின்ற் அது. அந்தத் துளிகளை நீரில் நிறுத்திவைக்கச் சேர்த்த சவர்க்காரத் தன்மையுள்ள பொருட்கள் காய்ந்த பிறகும் படலத்துக்குள் இருந்து, மெல்ல மேலே வந்து, தூசியைப் பிடித்துவைக்கும். படலம் நம் பகல் வெப்பத்தில் மிருதுவாகவே இருப்பதால் கற்பூரக் கரி அதனுள் புதைந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் கரியோடு பெயின்றின் உட்பொருளும் கரைந்து வரும். எனாமல் சுவருக்குப் பழகிய கை, இமல்ஷன் சுவரையும் அதேபோல் தேய்த்தால் சேதம். பழசாகி மினுக்கம் போனபின் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

தமிழருக்கு இந்த விஞ்ஞானம் அந்நியம் என்று நினைக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இரசாயன ஆய்வுக்கூடம் தொடங்கியது. நோய் பிடித்த செப்புத் திருமேனிகளைக் காப்பதே அதன் முதல் வேலை. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் சாந்தையும் நிறமியையும் பகுத்து, அவை எந்த முறையில் வரையப்பட்டன என்பதை 1930களிலேயே ஆய்வுலகத்தின் முன் வைத்தார். இலங்கையில் ஆனந்த குமாரசுவாமி நுண்கலை அறிஞராக அறியப்படுவதற்கு முன் கனிமவியலாளர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைத் துறையின் பணிப்பாளர். அதனால்தான் 1908இல் வெளிவந்த அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற நூல், கண்டிச் சித்திரக்காரரின் நிறங்களையும் அவர்கள் மேலே பூசிய எண்ணெய்களையும் பிசின்களையும்கூட விட்டுவைக்கவில்லை. அழகை மட்டும் எழுதிப் பொருளை விட்டுவிட்டவர் அல்லர் அவர். பின்வந்த நாம் அந்த வழியை விட்டுவிட்டோம்.

நவீனப் பெயின்ற் இந்நாட்டில் பாதுகாப்பு விஞ்ஞானத்தின் முன் மிகக் கொடூரமாக வந்து நின்ற நாள் 1967 ஒக்ரோபர் 14. அன்று சிகிரியாக் குகையின் சித்திரங்கள் மேல் பச்சைப் பெயின்றை அப்பினார்கள், சில உருவங்களைச் சிதைத்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய பூச்சின்மேல் கடையில் வாங்கும் புதுப் பூச்சு. மேலுள்ளதைக் கரைக்கும் திரவம் கீழுள்ளதைத் தொடக்கூடாது. அதற்கு இரண்டும் என்ன பொருள் என்று தெரிய வேண்டும். ரோமிலிருந்து வந்த லூசியானோ மராஞ்சி, உள்ளூர் அலுவலர்களோடு சேர்ந்து அந்தப் பச்சையை எடுத்தார். தொல்பொருள் திணைக்களத்தில் இரசாயனவியலாளராக இருந்து ஆணையாளராக உயர்ந்த ராஜா டி சில்வா, சிகிரியாச் சித்திரங்களின் பொருளையும் முறையையும் ஏற்கெனவே ஆராய்ந்தவர். அந்த முன்னறிவு கைவசம் இருந்தது எவ்வளவு பெரிய பேறு என்பதைச் சேதம் நடந்த பிறகு யோசித்தால்தான் தெரியும். பகுப்பாய்வு அவசரத்துக்குச் செய்யும் வேலை ஆகாது, முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டியது.

வார்னிஷுக்கு வருவோம். இதில் நம் கோயில்களுக்கு உள்ள உறவு பழையது, நெருக்கமானது. கும்பாபிஷேகத்தில் சுவாமியைப் பீடத்தில் நிறுத்தச் சாத்தும் அஷ்டபந்தன மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, கொம்பரக்கு, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். குங்கிலியம் ஐரோப்பிய ஓவியர்கள் தாமர் என்று அழைத்து ஓவியத்தின்மேல் வார்னிஷாகப் பூசிய பிசினின் உறவு, இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தின் மரங்களிலிருந்து வடிபவை. கொம்பரக்கைச் சுத்தம் செய்தால் மரத் தளபாடங்களுக்கு இடும் ஷெலாக். தேன்மெழுகு ஓவியப் பாதுகாப்பாளரின் மேசையில் நெடுங்காலம் இருந்த பொருள். சாதிலிங்கமும் காவியும் நிறமிகள். ஓவிய ஆய்வுக்கூடத்தில் தேடும் பொருட்களில் பாதியை நம் ஆசாரிகள் உரலில் இட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டக் கோயில்களில் வார்னிஷ் பெரும்பாலும் மரத்தில்தான்: மயில், எலி, சிங்க வாகனங்கள், சப்பறம், கதவு. ஷெலாக் பூசிய பழைய மரமானால் அலெயுரிற்றிக் அமிலம் அதைக் காட்டிக்கொடுக்கும். அது ஸ்பிரிட்டில் கரையும், கவனமான கையால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். பிற்காலத்தில் அதன்மேல் அடித்த பொலியூறதேன் வார்னிஷ் அப்படி அல்ல. காய்ந்ததும் வலைபோல் பின்னிக்கொள்ளும், எந்தக் கரைப்பானும் அதை மட்டும் கரைக்காது. மஞ்சள் பூத்தபின் அதை எடுக்க முயன்றால் அடியிலுள்ள நிறமும் சேர்ந்து வரும். ஆகவே வாகனத்துக்கு ‘நல்லாப் பளபளக்கட்டும்’ என்று பொலியூறதேன் அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மீண்டும் எடுக்கக்கூடிய வார்னிஷ் மட்டும்தான் பழைய வாகனத்துக்குத் தகும். உலக அருங்காட்சியகங்களில் பரவலாகப் பயன்படும் பரலொயிட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் அவ்வகைப்பட்டது, பல ஆண்டுகள் கழித்தும் அசற்றோனில் கரையும்.

இதுவரை சொன்னது கலையின் பக்கம். உயிரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பழைய மஞ்சள், செம்மஞ்சள், பச்சை எனாமல்களின் நிறம் ஈயக் குரோமேற்றிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட பெயின்றில் ஈயம் மில்லியனில் பத்தாயிரக்கணக்கான பங்கு இருக்கக்கூடும். சுற்றாடல் நீதிக்கான மையம் என்ற அமைப்பு பெயின்றுகளைப் பரிசோதித்து உயர் நீதிமன்றம் வரை போனபின், எனாமலுக்கு மில்லியனில் 600 பங்கு, இமல்ஷனுக்கும் விளையாட்டுப் பொருள் பூச்சுக்கும் 90 பங்கு என்ற எல்லைகள் 2013 ஜனவரி 1 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் 90 பங்கு என்ற எல்லை 2017 நவம்பரில் வந்தது. சட்டம் கடையிலுள்ள டின்னைக் கட்டுப்படுத்தும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் அடுக்கை அது தொடாது. அந்த அடுக்கை உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்க்கும்போது எழும் தூசியை முகமூடி இல்லாத தொழிலாளி சுவாசிக்கிறார். கோயில் முற்றத்தில் விளையாடும் லயத்துப் பிள்ளைகளின் கையிலும் வாயிலும் அது போகிறது. வளரும் மூளையை ஈயம் கெடுக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியோடு ஒரு மாணவர் அரைநாள் வந்து போனால் எந்தச் சிற்பத்தில் ஈயம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். அந்த இடங்களை ஈரமாக்கிச் சுரண்டி, கீழே தாட்டு விரித்து, தூளைக் கட்டி அப்புறப்படுத்தலாம். ஓவியத்துக்காகச் செய்யும் ஆய்வு குழந்தைக்கும் பயன்படும் என்றால் தயங்குவதற்கு என்ன இருக்கிறது?

இவ்வளவுக்குப் பிறகும் அரசு ஏன் வரவில்லை என்று கேட்பவருக்கு ஒரு திகதியைச் சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பழம்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2 என்ற எல்லைக்கோட்டை வகுத்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிய நாள் அது. மலைநாட்டில் முதல் கோப்பித் தோட்டங்கள் 1820களில்தான் வருகின்றன, தேயிலை 1867இல். அந்தக் கோட்டின்படி மலையகத் தமிழர் கட்டிய எதுவும் தொல்பொருள் ஆக முடியாது. நூறு ஆண்டு என்ற அளவுகோலை வைத்தாலும், பெரும்பாலான சுதை வேலைகளும் அவற்றின் எனாமலும் வெளியேதான் நிற்கும். பதுளை நகரின் கதிர்காமத் தேவாலயத்திலும் பண்டாரவளைக்கு அருகே தோவை விகாரையிலும் உள்ள கண்டிக்காலச் சித்திரங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தோட்டக் கோயிலுக்கு அந்தக் கூரை இல்லை. கம்பளைக்கு அப்பால் பழைய பீக்கொக் தோட்டத்தில் லயன் அறைகளையே அருங்காட்சியகமாக்கிய முயற்சி ஒன்று 2007 முதல் நடக்கிறது. அது மக்கள் அமைப்பு ஒன்று செய்தது. சட்டம் வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

மீண்டும் பூசுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கோயில் உயிரோடு இருக்கும் இடம். அம்மனுக்குப் புது நிறம் சாத்துவது வழிபாட்டின் பகுதி. அதற்காக உழைத்த காசைக் கொடுத்தவர்களிடம் போய், பழசைத் தொடாதே என்று சொல்ல எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை. கேட்பதெல்லாம், சுரண்டுவதற்கு முன் பதிவு செய்யுங்கள் என்பதுதான். காலம் காத்திருக்காது என்பதை இந்த மாகாணம் மற்றவர்களைவிட நன்றாக அறியும். 2014 ஒக்ரோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. இறந்தவர்களுக்கு ஈடு எதுவும் இல்லை. அவர்கள் வாழ்ந்த இடத்தின் சுவரும் நிறமும்கூட எந்த ஏட்டிலும் மிஞ்சவில்லை.

பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலையும் கனிம வளமும் பாடங்கள். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இரசாயனத் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் உண்டு. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களில் ஒருவர் ஒரு கோயிலை எடுத்துக்கொண்டால், பத்து ஆண்டில் ஊவாவின் பெயின்ற் வரலாறு நம் கையில் இருக்கும்.

கோயில் கமிட்டித் தலைவர்களுக்கும் ஆசாரிமாருக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த திருப்பணிக்கு நாள் குறித்ததும், சாரம் கட்டியவுடனே, சுரண்ட ஆள் ஏறும் முன், ஒவ்வொரு சிற்பத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஏற்கெனவே வெடித்த விளிம்பிலிருந்து, எல்லா அடுக்கும் சேர்ந்து வருமாறு, நகத்துணுக்கு அளவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டை எடுத்துத் தனித்தனிக் கடதாசி உறையில் போடுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். உறையில் தோட்டத்தின் பெயர், சிற்பம், இடம், திகதி எழுதுங்கள். மாடத்தின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கும் பெயின்ற் டின்களின் லேபிளைக் கழற்றிக் கமிட்டியின் கணக்குக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். ஊரில் முன்பு பெயின்ற் அடித்த பெரியவர் இருந்தால், எந்த நிறத்தை எதில் கலந்தார் என்று கேட்டு அதே கொப்பியில் எழுதுங்கள். ஆய்வுக்கூடம் நாளைக்கு வரலாம், பத்து ஆண்டு கழித்தும் வரலாம். உறையில் துணுக்கு இருந்தால் அது அப்போதும் ஆராயத் தகுந்ததாகவே இருக்கும்.